கூரைக்கு மேலே போன துரை

எனக்கு இந்தத் தை வந்தால் எண்பத்தொன்பது முடியும். ஏழு பெற்றேன். செத்துப்போன தங்கை விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து ஒன்பதை ஆளாக்கினேன். ஒன்பதில் ஒன்றும் சோடை போகவில்லை. பள்ளிக்கூடத்தை நான் வெளியில் நின்று பார்த்ததுதான் அதிகம். கையெழுத்துப் போடுவேன், கோயில் நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் என்னோடு காலை நீட்டிக்கொண்டு உட்காரும் கிழவிகளே, இது உங்களுக்குத்தான். போன வாரம் எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைத்தீர்கள். மருமகன் வீடு தங்குவதில்லை, மகனுக்கு வேலைதான் பெண்டாட்டி, காலம் கெட்டுப்போச்சு என்று. காலம் ஒன்றும் புதிதாகக் கெடவில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னாலேயே, இதே கோலாலம்பூரில், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிழிந்துபோன ஒருத்தரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேலை செய்த இடம் ஆகாயம்.

வெள்ளைக்காரத் துரை. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஆள் ஏற்றிப் போகும் சின்ன ஏரோப்பிளேன் ஒன்றை ஓட்டினார். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் ஏரோப்பிளேன் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்த புதிது. என் அப்பா அவருடைய கார் டிரைவர். அம்மா அந்த வீட்டில் ஆயா. பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு என்று கட்டிய வரிசையில் எங்களுக்கு ஓர் அறை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய வீட்டில் திரிவேன். தரையில் தேன்மெழுகு வாசனை, துரைசானியின் பவுடர் வாசனை, அடுப்படியில் ரொட்டி கருகும் வாசனை. மூக்கால் அந்த வீட்டை இன்றைக்கும் சுற்றிவருவேன்.

அப்பாவுக்கு அந்த வேலையில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. கறுப்பு விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி ஒன்று அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றினால் ஆணியில் மாட்டமாட்டார், மடியில்தான் வைத்துக்கொள்வார்.

"மத்தவனெல்லாம் கச்சேரி, ஆபீசுன்னு போற தொரையை ஏத்துறான். நான் ஆகாயத்துக்குப் போற தொரையை ஏத்துறேன். ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

ஏரோப்பிளேன் இறங்கும் திடல் சாலாக் செலாத்தானைத் தாண்டி இருந்தது. துரையைக் காலையில் அங்கே இறக்கிவிட்டு, அவர் திரும்புகிறவரை அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் அப்பா காத்துக் கிடப்பார். சில நாள் மழையில் துரை பினாங்கிலேயே தங்கிவிடுவார். அப்பா மறுநாள்தான் வருவார். வந்ததும், "இன்னிக்கு நமக்கு எதிர்க்காத்து" என்பார்.

"நமக்கா? நீங்க கொட்டகையில குறட்டை விட்டுக்கிட்டுக் கிடந்தீங்க," என்பாள் அம்மா. "அவர் ஆகாயத்தைக் கட்டிக்கிட்டாரு, நீங்க காரைக் கட்டிக்கிட்டீங்க. நானும் அந்த வெள்ளைக்காரியும்தான் தாலியறுக்காத முண்டச்சிங்க."

அம்மா வாய் அப்படி. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. துரைக்கு லீவு நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டிப்போட்ட கன்று மாதிரி நடப்பார். அவருடைய பையனுக்கு இரண்டு வயது. அப்பன் தூக்கினால் வீறிட்டு அழுது என் அம்மாவிடம் தாவும். துரை கையை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரிப்பார். மத்தியானத்துக்குள் காரை எடுக்கச் சொல்வார். எங்கே என்றால், வேறெங்கே, திடலுக்குத்தான். அங்கே போய் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். வேலைக்குப் போகிற நாளில் மட்டும் சீட்டியடித்துக்கொண்டே படியிறங்குவார்.

"மனுசனுக்குச் சொந்த வீடு கசந்தா, வேற ஒரு வீடு இனிக்குதுன்னு அர்த்தம்," என்பாள் அம்மா. இது அவள் வேதம்.

மற்றப் பெண்களுக்குப் புருஷன் எப்போது வேலையை முடித்தான் என்று தெரியாது. துரைசானிக்கு அது கூரைக்கு மேலே தெரியும். ஏரோப்பிளேன் திரும்பி வரும்போது எங்கள் பங்களாவுக்கு மேலே தாழ்ந்து போகும். ஜன்னல் கண்ணாடி அதிரும். துரைசானி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புல்லுக்கு ஓடி ஒரு வெள்ளைத் துண்டை வீசுவாள். ஏரோப்பிளேன் ஒரு பக்கம் சாய்ந்து எழும். அதுதான் பதில். உடனே அடுப்பில் கெண்டியை ஏற்றச் சொல்வாள். தேத்தண்ணி ஊறி முடிப்பதற்குள் கார் வாசலில் திரும்பிவிடும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு கார் திரும்பவில்லை. அதாவது, உடனே திரும்பவில்லை. ஏரோப்பிளேன் கூரைக்கு மேலே போகும், இறக்கை சாயும், கெண்டி கொதிக்கும், தேத்தண்ணி ஆறும், கீழே ஊற்றிவிட்டு வேறு போடச் சொல்வாள் துரைசானி. அதுவும் ஆறும். வெயில் சாய்ந்த பிறகுதான் கார் வரும். துரை, "வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

துரைசானிக்குத் தமிழ் வராது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் சந்தையில் பொறுக்கிய மலாய்தான். துரைசானி கையை விரித்து, எங்கே போகிறார் என்று கேட்டாள். அம்மா தோளைக் குலுக்கினாள். ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் கண்ணுக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் அகப்பட்டது சட்டைக் காலர். சலவைக்குப் போடும் முன்னால் துணியை உதறிப் பார்ப்பது அம்மாவின் பழக்கம். இடது பக்கக் காலரில் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தா, மோந்து பாரு. என்ன வாசனை?"

"நல்லெண்ணெய்."

"அப்புறம்?"

"பூண்டு. ஓமம்."

அம்மா சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். கிழவிகளே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நல்லெண்ணெயும் பூண்டும் ஓமமும் ஒன்றாகக் காய்ந்தால் அது என்ன வீட்டு வாசனை? பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிற வீட்டு வாசனை. வெள்ளைக்காரன் காலரில் அது எப்படி ஏறும்?

அடுத்த வாரம் துரையின் கோட்டுப் பையில் ஒரு பாலாடை இருந்தது. பச்சைப் பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாலாடை, பித்தளையில், மூக்கு கொஞ்சம் நசுங்கியது. துரையின் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது. அம்மா அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"தொரை எங்க போறாரு?"

"வேலை."

"வேலை திடல்ல முடிஞ்சிடுது. ஏரோப்பிளேன் என் தலைக்கு மேல போவுது, எனக்குத் தெரியாதா? அப்புறம் எங்க போறீங்க ரெண்டு பேரும்?"

"உனக்கெதுக்கு? தொரை வாயைத் திறக்காதேன்னாரு. சோத்தைப் போடு."

"சோறா? உங்களுக்குச் சோறு போட வேற ஆள் இருக்கும்னு நெனச்சேன்."

அப்பா கையை உதறிவிட்டு எழுந்துபோனார். கோபக்கார மனுஷர் இல்லை அவர். அன்று எழுந்துபோனதுதான் அம்மாவை இன்னும் கலக்கிவிட்டது.

அம்மாவுக்கு வாரத்தில் அரை நாள் லீவு. அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போவோம். பெரியப்பாவுக்கு ரயிலில் வேலை. செங்கல் சூளைப் புழுதி அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாகப் படிந்திருக்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் காவியாகிவிடும். அன்று பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருக்கோடியில் எங்கள் கார் வந்து நின்றது. அப்பா இறங்கிக் கதவைத் திறந்தார். துரை குனிந்து ஒரு பலகை வீட்டுக்குள் போனார். பின்னாலேயே அப்பாவும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா, அது யார் வீடு?"

"தெரியாதா? மருத்துவச்சி வீடு. இந்த லயத்து வீடுங்கள்ல பொறந்ததெல்லாம் அவ கையில பொறந்ததுதான்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். பிறகு காலர், பாலாடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "தொரை யாரோ நம்ம பொண்ணு ஒருத்தியைக் கெடுத்துட்டாருக்கா. புள்ளையும் பொறந்தாச்சு. இங்க வச்சுப் பாத்துக்குறாங்க."

பெரியம்மா கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. "ஏடி, வெள்ளைக்காரனுக்குக் காசை விட்டெறிஞ்சா காரியம் முடிஞ்சிடும். அவன் எதுக்குடி மருத்துவச்சி வீட்டுக்கு நடையா நடக்கணும்? காரை ஓட்டிட்டு வர்றவனைப் பாருடி. அவனுக்காகத்தான் தொரை துணைக்கு வர்றாரோ என்னவோ."

அந்த ஒரு வாக்கியத்தில் என் அம்மாவின் உலகம் தலைகீழாகப் புரண்டது. அதுவரை அடுத்தவள் வீட்டுத் தீ என்று வேடிக்கை பார்த்தாள். இப்போது புகை தன் கூரையிலிருந்து வருகிறது. திரும்பும்போது ரிக்ஷாவில் என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே துரைசானியிடம் போனாள். "பிடான்" என்றாள். மருத்துவச்சிக்கு மலாயில் அதுதான் பேர். வயிற்றின் மேல் கையை வளைத்துக் காட்டினாள். பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் காட்டினாள். துரைசானி முகத்தில் பவுடர் மட்டும் மிச்சம் இருந்தது.

இன்று யோசித்தால் அம்மாவின் கணக்கு விளங்குகிறது. பிள்ளை துரையுடையது என்று ஆகிவிட்டால் அப்பா தப்பித்தார். துரைசானி நெஞ்சு வெடிப்பதா, தன் நெஞ்சு வெடிப்பதா என்று பார்த்தாள். அவ்வளவுதான்.

அடுத்த முறை ஏரோப்பிளேன் கூரைக்கு மேலே போனபோது துரைசானி துண்டை எடுக்கவில்லை. தொப்பியை எடுத்தாள். பிள்ளையைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு, ஒரு ரிக்ஷாவில் அவளும் இன்னொன்றில் அம்மாவும் நானுமாகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். கார் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. பலகை வீட்டுக் கதவைத் துரைசானி தட்டவில்லை, தள்ளினாள்.

உள்ளே பெண் என்று ஒருத்தியும் இல்லை. மருத்துவச்சி எங்கோ தோட்டத்துக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். அவள் புருஷன், முடிவெட்டுகிற நாவிதர், கரியடுப்பில் ஒரு கரண்டியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். பூண்டும் ஓமமும் பொரிந்தன. துரை முக்காலியில் கதவுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அப்பா தரையில், தொப்பியை மடியில் வைத்தபடி.

துரைசானி துரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன், இங்கே சொல்லமாட்டேன். அப்பா துள்ளி எழுந்தார். நாவிதர் திரும்பினார். துரை திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். தெருவில் போனவன் எட்டிப் பார்த்தான். துரை திரும்பவில்லை. அவள் கிட்டே போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் பதறிக் கண்ணைத் திறந்தார்.

அம்மா அப்பாவின் காதில், "புள்ளை எங்க?" என்றாள்.

"எந்தப் புள்ளை?"

"பாலாடை இருக்குல்ல?"

"காதுல எண்ணெய் ஊத்துறதுக்குடி! கோணாம ஊத்த அதுதான் வசதின்னு இவரு குடுத்தாரு. காலையில திடல்ல நான்தான் ஊத்திவிடுறேன்."

நாவிதர் கரண்டியை இறக்கினார். "என்ஜின் சத்தம் காதைத் தின்னுடுச்சும்மா. இடது காது போயே போச்சு, வலதும் மந்தம். எண்ணெயில திரும்பி வருமான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. இங்க உக்காந்தா கொஞ்சம் கண்ணசர்றாரு, அதுக்காகத்தான் விடுறேன். இந்தக் காதை வச்சுக்கிட்டு மேல போறது சரியா தம்பின்னு உன் வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டேன்."

"மேல யாரு பேசப்போறா?" என்றார் அப்பா. ஏரோப்பிளேனில் துரைக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களைப் பற்றி அப்பாவும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுறதுதானே?" என்றாள் அம்மா.

"கம்பெனி டாக்டருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கீழ இறக்கிடுவான். அவருக்கு அதை விட்டா வேற ஒண்ணும் இல்ல. புரியுதா? வாயை மூடிக்கிட்டு இருந்தா அவரு பறப்பாரு."

துரை துரைசானியின் இரண்டு கையையும் பிடித்து என்னவோ கெஞ்சினார். சொல்லாதே என்றுதான் கெஞ்சினார் என்று அப்பா பிறகு சொன்னார். துரைசானி அந்தச் செவிட்டுக் காதின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். இன்னொருத்தி இல்லை என்ற சந்தோஷம் ஒரு கண்ணில் இருந்தது. மற்றக் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அது அப்போதே எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எம்மேலயுமா சந்தேகப்பட்டே?"

"ஆமா. பின்ன? பாலாடையைப் பாத்துட்டுப் பூஜை பண்ணச் சொல்றீங்களா?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் துரைசானியைக் கவனிக்க ஆரம்பித்திருந்தாள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. கார் நேரத்துக்கு வந்தது. துரைசானி துண்டை வீசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ தேத்தண்ணிக்கு வருகிறார் என்று கேக் சுட்டார்கள். அன்று காலை வராந்தாவில் துரைசானி தன் கையாலேயே நாற்காலிகளை நகர்த்துவதை அம்மா பார்த்தாள். வேலைக்காரர் இத்தனை பேர் இருக்க, வீட்டு எஜமானி எதற்கு நாற்காலி இழுக்கவேண்டும்? துரை உட்காருகிற நாற்காலியைத் தோட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். விருந்தாளி நாற்காலியை அதற்குப் பின்பக்கம், சற்று இடதுபுறமாக.

வந்தவர் கம்பெனி டாக்டர்.

பேச்சு நடுவில் அவர் கோப்பையை வைத்துவிட்டு, துரையின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஏதோ கேட்டார். துரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மறுபடி கேட்டார், கொஞ்சம் உரக்க. துரை ஒரு பட்டாம்பூச்சியைப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். துரைசானி தலை நிமிரவே இல்லை. சர்க்கரை கரைந்து எவ்வளவோ நேரம் ஆகியும் கலக்கிக்கொண்டே இருந்தாள். குழந்தைக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு அந்தக் கரண்டிச் சத்தம் மட்டும் விளங்கியது.

துரையை இறக்கிவிட்டார்கள். வேலையை விட்டு இல்லை, ஆகாயத்தை விட்டு. டவுனில் கம்பெனி ஆபீஸில் ஒரு மேசை கொடுத்தார்கள். அப்பாவின் வேலை தப்பியது. காலையில் எட்டு மணிக்கு ஏற்றினார், வெயில் இருக்கும்போதே இறக்கினார். பெண்கள் இரண்டு பேரும் கேட்டது கிடைத்தது. பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. அந்தப் பிள்ளை அப்பனிடம் அழுவதை விட்டுவிட்டது. ஒரு நாள் அவர் தோளிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. என் அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டார். ஆனால் துரை சீட்டியடித்து நான் பிறகு கேட்கவில்லை. வராந்தாவில் நடப்பதும் நின்றுவிட்டது. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது துரைசானியிடம் மலாயில் நேராகவே கேட்டாள், டாக்டரிடம் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. நான் மடித்த துணியை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். துரைசானி கோபப்படவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"டியா ஹிடூப்," என்றாள். அவர் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா அதைப் பெரிய நியாயமாக எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். பின்பக்கம் அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சொன்னாள்.

"தொரைசானிதான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. ஆனா அவ சொல்றதும் ஞாயந்தான். இப்ப அவரு உசிரோட இருக்காராம்."

அப்பா துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். காரின் பின்கதவை மெதுவாகச் சாத்தினார்.

"உசிரோட இருக்காரா? தெனம் ஏத்திக்கிட்டுப் போறவன் நான். எனக்குத் தெரியாதா?"

அம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்து மறுபடி பிழிந்தாள். அப்பா கேட்டதற்கு என்ன பதில் என்று எண்பது வருஷமாக நான் தேடுகிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுங்கள்.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும், பேனாவை வை, கண்ணு. என் அப்பா பேசினதை உன் காலேஜ் தமிழில் திருத்தி வைத்திருப்பாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி, நான் கேட்கிறேன்.